எங்கே நடந்த ஆய்வு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரும் நாடுகளில் தாய்சேய் நலம் பற்றிச் சென்ற இதழில் வந்த தலையங்கத்தை இரண்டு முறை படித்தேன். 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்தார்கள், அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் வருமானம் குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், தீர்வுகளை ஆய்வாளர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள், அரசுகள் அவற்றை எடுத்துச் செயல்படுத்தாததுதான் குறை என்று முடித்திருந்தீர்கள். பிரசவ அறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் செவிலியராக நின்றவள் நான். அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்கு வழக்கு.

பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தாய்மார் சாவதற்கு உலகில் முதல் காரணம் அதுதான். அதைக் கட்டுப்படுத்த ஆக்ஸிடோசின் ஊசி நான் பணியில் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. 500 மில்லிலிட்டருக்கு மேல் போனால் ஆபத்து என்பது எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. அந்த 500 மில்லியை யார் அளந்தார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்டதில்லை.

“எவ்வளவு போயிருக்கும் சிஸ்டர்?” என்று டாக்டர் கேட்பார். கட்டில் விரிப்பு நனைந்திருக்கும், கீழே வாளியில் பனிக்குட நீரும் ரத்தமும் கலந்து கிடக்கும், பஞ்சுத் துணிகள் ஒரு மூலையில். “ஒரு முந்நூறு இருக்கும் டாக்டர்” என்பேன். முந்நூறு என்பது வாய்ப்பழக்கம். ஒருநாள் இரவு அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது அந்தப் பெண்ணின் உதடு வெளுத்து, நாடி நூல்போல ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டாள். ஆனால் பதிவேட்டில் முந்நூறு முந்நூறாகவே நின்றது. மாத அறிக்கையில் ஏறி, மாவட்டத்துக்குப் போய், தலைநகரம் சேர்ந்து, அதுவும் ஒரு புள்ளிவிவரமாகியிருக்கும். ‘ஆதாரத்தின் அடிப்படையில் கொள்கை’ என்று பேசுகிறார்களே, அந்த ஆதாரத்தில் என்னுடைய முந்நூறும் சேர்ந்திருக்கிறது.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ‘ஈ-மோட்டிவ்’ ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அதைப் படித்தேன். குழந்தை பிறந்ததும் தாயின் இடுப்புக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போடுகிறார்கள். அதன் கீழ்ப்பக்கம் புனல்போலக் குவிந்த பை, பையில் அளவுக் கோடுகள். ரத்தம் கோட்டைத் தொட்டால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கருப்பையைப் பிசைந்துவிடுவது, ஆக்ஸிடோசின், ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸமிக் அமிலம், சலைன், கிழிசல் இருக்கிறதா என்ற பரிசோதனை எல்லாம் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு, நின்றதா என்று பார்த்து, பிறகு அடுத்தது என்று நாங்கள் காத்திருந்ததைப்போல அல்ல. வழக்கமான முறையில் பார்த்த மருத்துவமனைகளில் ரத்தப்போக்கைப் பாதியளவுதான் கண்டுபிடித்தார்கள். இந்த முறையில் நூற்றுக்கு 93. கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, அதனால் மரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதம். புது மருந்து ஒன்றுகூட இல்லை! அந்த ஆண்டு முடிவதற்குள் உலக சுகாதார நிறுவனமும் இந்த முறையைப் பரிந்துரைத்துவிட்டது. மருந்து இத்தனை ஆண்டு கையில் இருந்தும், எப்போது போடுவது என்று சொல்ல ஒரு கோடு போட்ட பை இல்லாமல் இருந்திருக்கிறோம். அதைக் கண்டுபிடிக்கவும் ஓர் ஆய்வுதான் வேண்டியிருந்தது, அதுவும் எங்களைப்போல நெருக்கடியான பிரசவ அறைகளிலேயே.

இனி, எடுத்துச் செயல்படுத்தினால் போதும் என்பதற்கு வருகிறேன். குறைமாதத்தில் பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரல் முதிர, தாய்க்குப் பிரசவத்துக்கு முன்பே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹவி என்ற இரண்டு மருத்துவர்கள் இதை 1972இல் நிறுவினார்கள். பணக்கார நாடுகளில் எண்ணற்ற குழந்தைகளைக் காப்பாற்றிய ஊசி. அப்படியானால் ஏழை நாடுகளின் கிராமங்களுக்கும் கொண்டுபோய்விட வேண்டியதுதானே? அர்ஜென்டினா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், ஜாம்பியா ஆகிய ஆறு நாடுகளில் அதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். 2015இல் அச்சில் வந்த முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. எடை மிகக் குறைந்த குழந்தைகளின் சாவு குறையவில்லை. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால், ஆயிரம் பிறப்புக்கு மூன்று நான்கு சாவு கூடியிருந்தது. தாய்மாருக்குத் தொற்றும் அதிகம்.

காரணம் இதுதான் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் பிரசவ அறையில் நின்றவர்களுக்கு ஊகிப்பது கடினமில்லை. ஸ்கேன் கிடையாது, கடைசி மாதவிலக்குத் தேதி பல பெண்களுக்கு நினைவிருக்காது. ‘ஏழரை மாதம் இருக்கும்’ என்று சொன்னதை நம்பி ஊசி போட்டால், அவளுக்கு நிறைமாதமாகவும் இருக்கலாம். தேவையில்லாத குழந்தைக்கு மருந்து போய்ச் சேரும். தேவைப்பட்ட குழந்தை பிறந்தாலோ, அதைப் பார்த்துக்கொள்ளும் வசதி பக்கத்தில் இருக்காது. 2020இல் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியாவில் ஸ்கேனும் குழந்தைப் பராமரிப்பு வசதியும் உள்ள மருத்துவமனைகளில் மறுபடி சோதித்தபோது, நன்மை அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். இரண்டிலும் போட்டது டெக்ஸாமெத்தசோன் என்ற ஒரே ஸ்டீராய்டுதான். முதல் ஆய்வை நடத்தாமல் ஏதாவது ஓர் அமைச்சகம் நேரே அரசாணை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. சாவு கூடியதுகூட யாருக்கும் தெரிந்திருக்காது.

இதனால் ‘ஆய்வு முடியட்டும்’ என்று காலம் கடத்துவதற்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனையில் இன்குபேட்டர் போதவில்லை. எட்கார் ரே என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு மார்பாகக் கட்டி வைத்தார். அந்தக் கங்காரு முறையை உலகம் ஏற்றுக்கொண்டது, ஆனால் குழந்தை நிலைப்பட்ட பிறகுதான் தரலாம் என்ற நிபந்தனையோடு. பிறந்த உடனேயே கொடுத்தால் சாவு கால்பங்கு குறைகிறது என்று கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியாவில் நடந்த ஆய்வு 2021இல் காட்டியது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை மாறியது. சரி, பரிந்துரை மாறிவிட்டது. குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்க்கு ஒரு கட்டில் போட இடம் எங்கே? நான் வேலை பார்த்த இடத்தில் தாய் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பாள், பாலூட்டும் நேரத்துக்குக் கூப்பிடுவோம். இந்த ஆய்வு முடிவை முதலில் படிக்க வேண்டியவர் கட்டடப் பொறியாளர்.

உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவ நிலையங்களில் பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலைப் பரப்பிப் பார்த்த ஆய்வும் நினைவுக்கு வருகிறது (2017). பயிற்சியாளர் உடனிருந்து சொல்லிக்கொடுத்தபோது செவிலியரின் நடைமுறை நன்றாகவே மேம்பட்டது. சாவு எண்ணிக்கை மட்டும் அசையவில்லை. அதை மறைக்காமல் வெளியிட்டார்கள் பாருங்கள், அதற்காகவே அவர்களைக் கும்பிடலாம்.

கொள்கை வகுப்பவர்கள் இதிலிருந்து என்ன செய்ய முடியும் என்பதற்கு மெக்சிகோ ஓர் உதாரணம். 1997இல் ‘புரோகிரெசா’ திட்டத்தைத் தொடங்கினார்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பரிசோதனைக்கு வந்தால், பிள்ளைகள் பள்ளிக்குப் போனால், தாயின் கையில் பணம். எல்லா ஊருக்கும் ஒரே நாளில் கொடுக்க நிதி இல்லை. அந்தக் குறையையே வசதியாக்கிக்கொண்டார்கள். மதிப்பீட்டுக்கென எடுத்த 506 ஊர்களில், குலுக்கல் முறையில் தேர்ந்த 320 ஊர்களுக்கு முதலிலும், மீதி 186க்குப் பிறகும் கொடுத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2000இல் எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தது. ஆட்சி மாறினால் முந்தைய ஆட்சியின் திட்டத்தைக் குழிதோண்டிப் புதைப்பது எந்த நாட்டிலும் வழக்கம்தானே? இங்கே பெயரைத்தான் மாற்றினார்கள், திட்டம் தொடர்ந்தது, விரிந்தது. கையில் நம்பத்தகுந்த எண்கள் இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2019இல் அதுவும் முடித்துவைக்கப்பட்டது, ஆய்வு ஒன்றும் சாகாவரம் அல்ல.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரசவ அறைக்கு ஓர் ஆய்வுக் குழு வந்தது. ஏற்கெனவே பதினொரு பதிவேடு, அவர்களுடையது பன்னிரண்டாவது. மூன்று ஆண்டுகள் நிரப்பினோம். ஒருநாள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போனார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்கு ஒரு தாள்கூட வரவில்லை. பணம் கொடுப்பவர் ஓரிடம், கேள்வி வகுப்பவர் ஓரிடம், அரசாணை போடுபவர் ஓரிடம். பதிவேட்டை நிரப்புகிறவளிடம் யாராவது பேசியிருந்தால், ‘முந்நூறு’ ரகசியத்தை இருபது ஆண்டு முன்பே சொல்லியிருப்பேன்.

உங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்த நாட்டு அமைச்சராவது புதிய தாய்சேய் நலத் திட்டத்தை அறிவித்தால், எத்தனை கோடி என்பதோடு, இது எந்த மாதிரி மருத்துவமனையில் சோதிக்கப்பட்டது, ஒப்பிட்டுப் பார்க்க என்ன ஏற்பாடு, முடிவு எப்போது வெளிவரும் என்றும் கேட்டு எழுதட்டும்.

இன்னொன்று. தலையங்கத்தோடு போட்டிருந்த படத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் குறைமாதக் குழந்தை ஒன்று தனியாகக் கிடந்தது. அடுத்த தடவை அம்மாவின் மார்பில் இருக்கிற குழந்தையின் படமாகப் பார்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்