மரம் இழுக்குற டிராக்டர் பத்தி நீங்க போட்ட அந்த ஒரு வரி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழ்ல பண்ணைக் கருவிகள் பக்கத்துல, விவசாய டிராக்டர்ல ஒரு வின்ச்சை, அதாவது இரும்புக் கயித்தைச் சுத்தி பாரம் இழுக்குற உருளையை, மாட்டிட்டா அதுவே காட்டு டிராக்டர் ஆயிடும்னு போட்டிருந்தீங்க. உங்க பத்திரிகைய ரொம்ப வருஷமா வாங்கிப் படிக்கிறவன், அந்த உரிமைல எழுதறேன், கோபம் தெரிஞ்சா மன்னிக்கணும். அந்த வரியப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்கு சோறு இறங்கல.

நான் கோத்தகிரி பக்கம் டிராக்டர் மெக்கானிக். எஸ்டேட்டுல கற்பூர மரம், சீகை மரம் வெட்டி இறக்குற வண்டிங்கதான் என் பொழப்பு. எல்லாமே வயக்காட்டுக்குன்னு செஞ்ச டிராக்டர்தான். அதனால சொல்றேன், வின்ச் மாட்டுறது கடைசி வேலை, அதுக்கு முன்னாடி மாத்த வேண்டியது முழு வண்டியும்.

எடையவே எடுத்துக்கோங்க. நம்ம டிராக்டர்ல பாரம் பின்னாடிதான் அதிகம், கலப்பை இழுக்க பின் சக்கரத்துக்குப் பிடி வேணும்னு அப்படி செஞ்சிருக்காங்க. மரம் இழுக்கன்னே செய்யுற ஸ்கிட்டர்ல இது தலைகீழ், சும்மா நிக்கறப்போ பாதிக்கு மேல எடை முன் ஆக்சில் மேல இருக்கும், ஏன்னா தடியோட ஒரு முனைய வின்ச் தூக்கிப் பின்னாடி சாத்துனதும் அந்த பாரம் பின் சக்கரத்துக்கு வந்துரும், அப்பதான் நாலு சக்கரமும் ஒழுங்கா மண்ணைப் பிடிக்கும். கனடா, அமெரிக்கா பக்கம் 1950, 60கள்ல இந்த வண்டி உருவானப்போ நாலு சக்கரத்தையும் ஒரே அளவுல வச்சு, வண்டிய நடுவுல ரெண்டாக்கி கதவுக்குக் கீல் வச்ச மாதிரி சேர்த்தாங்க. ஸ்டீயரிங்கைத் திருப்பினா ஹைட்ராலிக் சிலிண்டர் தள்ளி வண்டியே மடங்கித் திரும்பும், முன் சக்கரம் போன தடத்துலயே பின் சக்கரமும் வரும். வெட்டுன அடிக்கட்டைங்களுக்கு நடுவுல வண்டி ஓட்டுனவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

அப்புறம் அடிப்பக்கம். காட்டு வண்டிக்கு வயிறு பூரா இரும்புத் தகடு இருக்கும், டயர் வால்வுக்குக் கூட மூடி இருக்கும். எங்க வண்டிங்கள்ல அடிக்கட்டை குத்தி, இன்ஜினுக்கு அடியில இருக்குற ஆயில் தொட்டி, அதான் சம்ப், உடைஞ்சு ஆயில் மொத்தமும் சரிவுல கொட்டிப் போறது சர்வ சாதாரணம். கேபினுக்கு அங்க மூணு தனித்தனி சோதனை, வண்டி உருண்டா நசுங்கக் கூடாது, மேல மரம் விழுந்தா தாங்கணும், பக்கத்துலருந்து கொம்பு குத்திக்கிட்டு உள்ள வரக் கூடாது. மூணுக்கும் தனித்தனியா சர்வதேசத் தரமே இருக்கு. இங்க கேட்டா வெயிலுக்குப் போடுற தகரக் கூரையக் காட்றாங்க.

இங்கிலாந்துல ஃப்ளீட்ங்கிற ஊர்ல கவுன்ட்டி கம்பெனி ஃபோர்டு டிராக்டர வச்சுத்தானே காட்டு வண்டி செஞ்சாங்கன்னு நீங்க கேக்கலாம். ஆமா, இன்ஜின் ஃபோர்டுதான். ஆனா அவங்க பின்னாடியிருந்து ரெண்டு பக்கமும் தனித்தனி ஷாஃப்ட் ஓட்டி முன் சக்கரத்துக்கு இழுவை குடுத்து, நாலு சக்கரத்தையும் சமமாக்கி, மொத்தமா வேற வண்டியாவே கட்டுனாங்க. ரஷ்யாக்காரன் ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட லெனின்கிராட் கீரோவ் ஆலைல கேடி-12னு, டயருக்குப் பதிலா இரும்புச் செயின் பட்டைல ஓடுற வண்டி செஞ்சான், டீசல் இல்லாம விறகுல வர்ற கேஸ்ல ஓடும், தடிங்களோட அடிமுனைய வண்டி முதுகுலயே ஏத்திக்கிட்டு இழுக்கும். ஃபின்லாந்துல ஐனாரி விட்க்ரேன்னு ஒரு மரவெட்டி, கைக்கு வந்த வண்டியெல்லாம் உடைஞ்சு போகுதேன்னு வெறுத்து, வியெரெமா கிராமத்துப் பட்டறைல தானே ஒரு வண்டி கட்டினாரு, அதுதான் 1970ல பொன்சே கம்பெனி ஆச்சு. தடிய தரைல இழுக்காம கிரேன்ல தூக்கி முதுகுல வச்சுக்கிட்டுப் போற வண்டி அது. காட்டுக்குள்ள வேலை செஞ்சவன் யோசிச்சு செஞ்சது. இவ்வளவு பேர் இவ்வளவு வருஷம் உழைச்சத நீங்க ஒரு வின்ச்சுல முடிச்சிட்டீங்க.

எனக்கு ஏன் இவ்வளவு எரியுதுன்னு சொல்லிடறேன். எங்க கூட ஓட்டிக்கிட்டிருந்த ஒரு அண்ணன், என்னைவிட நல்ல டிரைவர். கான்ட்ராக்டர் அவசரப்படுத்தினாரு, தடி இழுக்குற செயினை, வண்டிக்குப் பின்னாடி கீழ இருக்குற இழுவைக் கம்பியான டிராபார்ல மாட்டாம, கலப்பையோட மேல் கம்பியான டாப் லிங்க் மாட்டுற உயரமான இடத்துல மாட்டி விட்டுட்டாங்க. மேட்டுல ஏறுறப்போ தடி முனை ஒரு அடிக்கட்டைல மாட்டிக்கிச்சு. பின் சக்கரம் சுத்த முடியலைன்னா இன்ஜின் பலம் எங்க போகும், வண்டியோட உடம்பையே பின் ஆக்சில சுத்தித் தூக்கும். முன் சக்கரம் எழும்பி வண்டி மல்லாக்க விழ ஒன்றரை செகண்டு போதும், கிளட்ச்சுக்குக் கால் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. ஜாக்கி வச்சு வண்டியத் தூக்கினப்போ அவரோட ஒத்தச் செருப்பு கிளட்ச் பெடலுக்கும் பலகைக்கும் நடுவுல சிக்கிக் கிடந்துச்சு.

மறுநாள் பேப்பர்ல ரெண்டு வரி, ஓட்டுநரின் அஜாக்கிரதையால் டிராக்டர் கவிழ்ந்ததுன்னு. அவர் சம்சாரம் இன்சூரன்ஸ் கேட்டுப் போனப்போ, விவசாயத்துக்குன்னு பதிஞ்ச வண்டிய மரம் இழுக்க விட்டீங்க, பணம் கிடையாதுன்னுட்டாங்க. காட்டுக்குள்ள ஓட்டுறப்போ அது காட்டு டிராக்டர், செத்த அப்புறம் அது விவசாய டிராக்டர். உங்க கட்டுரை எழுதுனவர் அந்தம்மா கிட்ட போய் இந்த வரியப் படிச்சுக் காட்டுவாரா?

இது மட்டும் இல்ல ஐயா. ரெண்டு வருஷம் முன்னாடி உங்க அட்டைப்படத்துலயே முன் சக்கரம் அந்தரத்துல நிக்க கரும்பு லோடு இழுக்குற டிராக்டரப் போட்டு, ஓட்டுநரின் சாமர்த்தியம்னு எழுதியிருந்தீங்க. அப்பவும் நான் கடிதம் போட்டேன், வரவே இல்ல. அந்தப் படத்த வெட்டி எங்க ஒர்க்‌ஷாப்ல பசங்க செவுத்துல ஒட்டியிருந்தாங்க, நான்தான் கிழிச்சேன். ஸ்வீடன்ல 1959லயே புது டிராக்டர்னா உருண்டா நசுங்காத இரும்புக் கூடு டிரைவர் சீட்டைச் சுத்தி இருக்கணும்னு கட்டாயம் ஆக்கிட்டாங்க. நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான டிராக்டர்ல இன்னிக்கும் அது கிடையாது. அதப் பத்தி உங்க பத்திரிகைல நான் ஒரு பக்கம் கூடப் பார்த்ததில்ல, மைலேஜும் மானியமும் மட்டும் மாசாமாசம் வருது.

அதே கட்டுரைல டாப்ஸ்லிப்ல யானை தேக்கு இழுத்த காலம் மலையேறிப் போச்சுன்னும் இருந்துச்சு. தடி எங்கயாவது மாட்டினா யானை நின்னுடும் ஐயா, பாகன் கத்துனாலும் அடுத்த அடி வைக்காது. டிராக்டருக்கு அந்த அறிவு கிடையாது, அதனாலதான் செய்யுறவன் யோசிச்சு செய்யணும்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த இதழ்ல அதே பக்கத்துல ஒரு சின்னக் கட்டம் போடுங்க. அந்த வரி தப்புன்னு போடுங்க. தடி இழுக்குறப்போ செயினைக் கீழ டிராபார்லதான் மாட்டணும், டாப் லிங்க்ல மாட்டவே கூடாதுன்னு பெரிய எழுத்துல போடுங்க. படம் வேணும்னா நானே வரைஞ்சு அனுப்பறேன், பேர் போட வேண்டாம், காசும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன், டிராக்டர் மெக்கானிக்,
கோத்தகிரி.