ஊட்டி, கொடைக்கானல் ஹோம்மேட் சாக்லேட் கடைக்காரர்களுக்கு: சாக்லேட் கட்டி வரும் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

வணக்கம் அண்ணன்களே, அக்காக்களே,

நான் திருப்பூர்க்காரி. போன மே மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்கு வந்திருந்தோம். என் மகனுக்கு ஆறு வயது, பாலும் முந்திரியும் அவனுக்கு அலர்ஜி. ஊர் திரும்பும் நாளில் ஒரு கடையில் நின்றோம். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை, நல்ல மனிதர். கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றைக் காட்டி, "இதில் பால் இருக்காண்ணா?" என்று கேட்டேன். "இல்லக்கா, இது டார்க். பால் போட்டது அந்தப் பக்கம். பயப்படாம குடுங்க, எல்லாமே சுத்த சைவம்" என்றார். சொல்லிக்கொண்டே, எங்களுக்கு முன்னால் நின்றவருக்கு முந்திரி போட்ட துண்டுகளை எடுத்த அதே இடுக்கியால் எங்களுக்கும் எடுத்து நிறுத்தார். அதைக் கண்ணால் பார்த்தேன், ஆனால் மனதில் உறைக்கவில்லை.

குன்னூர் தாண்டி வளைவுகளில் இறங்கும்போது பையன் வாந்தி எடுத்தான். மலைப்பாதையில் எந்தக் குழந்தைதான் வாந்தி எடுக்காது என்று எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடுத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, அப்படியே போய்க்கொண்டிருந்தோம். அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அப்புறம் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் முதுகெல்லாம் திட்டுத் திட்டாகத் தடிப்பு, மேல் உதடு வீங்கிவிட்டது, விடாமல் இருமுகிறான். டாக்டர் எழுதிக் கொடுத்து, போடவும் கற்றுக்கொடுத்திருந்த அட்ரினலின் ஊசி பையில் இருந்தது. வண்டியை ஓரம் கட்டித் தொடையின் வெளிப்பக்கம் போட்டுவிட்டு, திரும்பக் குன்னூருக்கே, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அலர்ஜி அடங்கின மாதிரி இருந்து சில மணி நேரம் கழித்து மறுபடி தலைதூக்கலாம் என்று ராத்திரி வரை வைத்திருந்து பார்த்துத்தான் அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டான்.

இதை எழுதுவது உங்களைக் குற்றம் சொல்ல இல்லை. அந்த அண்ணன் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். தெரிந்தது போதவில்லை, அவ்வளவுதான்.

முதலில் "சைவம்". பச்சைப் புள்ளி இருந்தால் இறைச்சி, மீன், முட்டை இல்லை என்று அர்த்தம். பால் சைவம்தான், முந்திரியும் சைவம்தான். எங்கள் கேள்விக்கு அது பதிலே இல்லை.

அடுத்து, "சாக்லேட் ஒத்துக்காது" என்று உங்களிடம் பல பேர் சொல்வார்கள், ஆளுக்கு ஒரு காரணம் இருக்கும். சிலருக்கு நெஞ்செரிச்சல், சிலருக்கு ஒற்றைத் தலைவலி. சிலருக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்பும், வயிற்றாலே போகும். சங்கடம்தான், ஆனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, கொஞ்சம் சாப்பிட்டால் தாங்கிக்கொள்வார்கள். அலர்ஜி வேறு. பாலில் இருக்கும் புரதத்தை உடம்பின் எதிர்ப்பு சக்தியே எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போவது அது. அங்கே "துளியூண்டுதானே" என்ற பேச்சுக்கே இடமில்லை, இடுக்கி நுனியில் ஒட்டியிருப்பதே போதும். கோகோவுக்கே அலர்ஜி என்பது அபூர்வம். பெரும்பாலும் ஆளைப் படுக்க வைப்பது அதோடு சேரும் பால், முந்திரி, பாதாம், நிலக்கடலை, சோயா, கோதுமை இவைதான்.

டார்க் என்றால் பால் இல்லை என்ற நம்பிக்கையும் தப்பு. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்து 2015-ல் முடிவைச் சொன்னது. சேர்பொருள் பட்டியலில் பால் என்றே போடாத 88 சாக்லேட்டுகளில் 51-ல் பால் இருந்தது. காரணம் உங்களுக்கே நன்றாகத் தெரியும், உருக்கின சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் திரண்டு கெட்டுப்போகும், அதனால் சட்டியையும் அச்சையும் ஒவ்வொரு தடவையும் கழுவ முடியாது, துடைத்துவிட்டு அடுத்ததை ஊற்றுவீர்கள். பால் சாக்லேட் காய்ச்சின சட்டியிலேயே டார்க்கும் காய்ச்சினால் பால் அதில் வந்துதான் தீரும்.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? உங்களில் நிறைய பேர் ஸ்லாப் என்ற பெரிய சாக்லேட் கட்டியை வாங்கி உருக்கித்தானே அச்சில் ஊற்றுகிறீர்கள். அந்த ஸ்லாப் வரும் அட்டைப்பெட்டியில், உள்ளே பால் இருக்கிறதா, சோயா இருக்கிறதா, வேறு எது கலந்திருக்கலாம் என்று பெரும்பாலும் அச்சடித்திருக்கும். எங்களுக்கு வேண்டிய விவரம் உங்கள் கடைக்குள் வந்துவிடுகிறது, பெட்டியைக் கிழித்துப் போடும்போது அதுவும் குப்பைக்குப் போகிறது. நாங்கள் கையில் வாங்குவது வெறும் காகிதப் பை, அதில் ஒரு எழுத்து இல்லை. அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி, அந்தந்தத் தட்டுக்கு முன்னால் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். நீங்களாகச் சேர்ப்பதைக் கீழே பேனாவில் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். பருப்பு வகைக்குத் தனி இடுக்கி, தனித் தட்டு. முடிந்தால் காலையில் கழுவிக் காய்ந்த சட்டியில் முதலில் டார்க்கை ஊற்றிவிட்டு, பிறகு பாலுக்குப் போங்கள், கொஞ்சமாவது குறையும். எங்கள் பையனுக்கு அதுவும் போதாது, ஆனால் எல்லோருக்கும் எங்கள் அளவுக்குக் கடுமையாக இருப்பதில்லை.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. கூட்ட நேரத்தில் கடைப் பையனுக்கு ஒரு வார்த்தை மட்டும் சொல்லி வையுங்கள்: யாராவது அலர்ஜி என்று கேட்டால், "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லட்டும். கேட்க ஆள் இல்லையென்றால் "தெரியாதுக்கா" என்று சொல்லட்டும். அதைக் கேட்டு நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். சாக்லேட் இல்லையென்றாலும், ரோட்டோரத்தில் தழையோடு கட்டி விற்கும் கேரட்டை ரெண்டு கட்டு வாங்கிக் கையில் கொடுத்தால், அதையும் என் மகன் ஆசையாகத்தான் கடிப்பான்.