ஸ்பீச் தெரபி பேச்சுக்கு மட்டும் இல்ல, பால் குடிக்கேலாத பிள்ளைக்கும்தான்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் மூதூர்ப் பக்கம் இருக்கிற ஒரு அம்மம்மா. உங்கட பேப்பரை எங்கட வீட்டில ஞாயிற்றுக்கிழமையில தவறாம எடுப்பம், பிள்ளை வளர்ப்பு பத்தி வாற பக்கத்தை வெட்டி வைக்கிற பழக்கமும் எனக்கு இருக்கு, ஆனா பால் குடிக்கேக்க புரைக்கேறுற பிள்ளைகளைப் பத்தி ஒரு நாளும் நான் அதில காணேல்ல, அதான் எழுதுறன். கொஞ்சம் நீளமா வரும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

என்ட பேத்தி 33 கிழமையில பிறந்தவ. குறைமாசம். முதல்ல மூக்கால ரியூப் போட்டுத்தான் பால் போனது. உறிஞ்சிறது, விழுங்கிறது, மூச்சு விடுறது இந்த மூண்டும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ஒழுங்கா வாறது பிள்ளை வயித்துக்குள்ள 34 கிழமை அளவிலதான் எண்டு வாட்டில சொன்னாங்க, அதனால அவசரப்பட வேண்டாம் எண்டும் சொன்னாங்க. வீட்ட அனுப்பேக்க கறந்த தாய்ப்பாலை கப்பால ஊட்டச் சொல்லித்தான் அனுப்பினது. கப்பில குடுத்தா பாதி கழுத்தால வழியுது எண்டு நாங்களாத்தான் போத்தலுக்கு மாறினம், அதை நான் மறைக்க மாட்டன்.

போத்தல்ல குடுக்கத் தொடங்கின நாள்ல இருந்து குடிக்கேக்க இருமல். நெத்தி வேர்க்கும், கண்ணால தண்ணி வரும், புருவம் ரெண்டும் சிவக்கும், ரெண்டு அவுன்ஸ் குடிக்க முக்கா மணித்தியாலம் போகும், குடிச்சு முடிய தொண்டைக்குள்ள தண்ணி நிக்கிற மாதிரி கரகர எண்டு ஒரு சத்தம். நாங்க அதை சளி எண்டு நினைச்சு கற்பூரவள்ளி இலை வாட்டிப் பிழிஞ்ச சாறு தடவினம். ஏவறை விடாததால எண்டு நினைச்சு முதுகில தட்டினம். கிளினிக்கில நிறுக்கிற நேரம் பிங்க் கொப்பியில கோடு மேல போகாம படுத்துக் கிடக்கும், மிட்வைஃப் மிஸ் பால் காணாது போல எண்டு சொல்லுவா, மகள் அழுவா.

அப்பதான் நான் சொன்னன், பால் தண்ணியா இருக்கிறதாலதான் புரைக்கேறுது, கொஞ்சம் அரிசிமாவைக் காச்சிக் கலந்து தடிப்பாக் குடுப்பம் எண்டு. பிள்ளைக்கு அப்ப மூண்டு மாசம். நாலு பிள்ளை வளர்த்தவள் எண்ட நம்பிக்கையில சொன்னது. கலக்கின நேரம் நல்ல தடிப்பா இருந்தது, குடுத்துக்கொண்டிருக்கேக்கயே திரும்பத் தண்ணியாப் போச்சு, சரி காணாது போல எண்டு இன்னும் போட்டம். அது சூப்பியால வராமப் போக பிளேட்டால சூப்பியின்ட ஓட்டையைப் பெருப்பிச்சது என்ட கைதான். இதை எழுதேக்க இப்பவும் எனக்கு நெஞ்சு அடைக்குது. ஏனெண்டா பால் தடிப்பில்லாம, ஓட்டையும் பெரிசா, புரைக்கேறுற பிள்ளைக்கு முந்திக் கிடைச்சதை விட வேகமா நாங்க ஊத்தியிருக்கம்.

தாய்ப்பாலுக்குள்ள மாப்பொருளை உடைக்கிற அமிலேஸ் எண்ட ஒரு நொதியம் இருக்காம். எங்கட எச்சிலுக்குள்ள இருக்கிறதும் அதுதான், சோத்தை மென்டுகொண்டே இருந்தா இனிக்கிறதும் அதாலதான். அதனால அரிசிமாவோ வேற எந்த மாவோ தாய்ப்பாலுக்குள்ள போட்டா கொஞ்ச நேரத்தில அது கரைஞ்சு தண்ணியாகும். பால்மாவில அதே மாவைப் போட்டா நேர்மாறு, வைக்க வைக்க இறுகிக்கொண்டு போகும். ஒரே கரண்டி, ஒரே மா, ஒண்டில தண்ணி, மற்றதில களி. இது எந்த அம்மம்மாவுக்குத் தெரியும்? எனக்குத் தெரியேல்ல.

ரெண்டு தரம் நியூமோனியா எண்டு வாட்டில படுத்தம். ரெண்டாந்தரம் துண்டு வெட்டேக்க டொக்டர் ஒரு சின்னத் தாளில ஸ்பீச் தெரபி எண்டு எழுதித் தந்தவர். மகள் அதைப் பாத்திட்டு, "அம்மா, இவ இன்னும் ஒரு சொல்லுக் கூடச் சொல்லேல்ல, இதுக்கு இப்ப ஏன் ஸ்பீச் தெரபி, வளரட்டும் பாப்பம்" எண்டு கிளினிக் கொப்பிக்குள்ள வைச்சிட்டா. நானும் ஓம் எண்டுதான் சொன்னன். அந்தத் தாள் ஏழு கிழமை கொப்பிக்குள்ளயே கிடந்தது ஐயா. அதுக்குள்ள மூண்டாந்தரமும் நியூமோனியா. பேச்சுப் பழக்குற இடம் எண்டுதானே அந்தப் பெயரைக் கேட்டா எல்லாரும் நினைப்பாங்க, விழுங்கிறதையும் அவங்கதான் பாக்கிறது எண்டு எங்களுக்கு ஆரும் சொல்லேல்ல. நாக்கு, தொண்டை, குரல்வளை, பேசுறதுக்கும் விழுங்கிறதுக்கும் ஒரே சாமான்தான், யோசிச்சா விளங்குது, ஆனா யோசிக்கிறதுக்கு ஒரு ஆள் ஒரு வசனம் சொல்லியிருக்க வேணும்.

போய்ப் பாத்த பிறகு எல்லாம் வேற மாதிரி. அந்த ஸ்பீச் தெரபி மிஸ் எடுத்த உடன பாலைத் தடிப்பாக்கேல்ல. முதல்ல அரிசிமாவை நிப்பாட்டச் சொன்னா, வெட்டின சூப்பியைக் குப்பையில போடச் சொன்னா. பிறகு பிள்ளையை மல்லாத்தாம ஒரு பக்கம் சரிச்சு, இடது காது மேல பாக்கிற மாதிரி மடியில கிடத்தி, மெதுவா வாற சூப்பி ஒண்டைப் போட்டு, மூண்டு நாலு தரம் உறிஞ்ச விட்டு, போத்தலைப் பதிச்சு மூச்சு எடுக்க விட்டு, திரும்பக் குடுத்துக் காட்டினா. என்ட பேத்தி முதல் முறையா கண் கலங்காம ஒரு அவுன்ஸ் குடிச்சதை நான் அண்டைக்குத்தான் பாத்தன். நிறையப் பிள்ளைகளுக்கு இதுவே காணுமாம். எங்கட பிள்ளைக்கு காணேல்ல, சத்தம் குறைஞ்சாலும் சளி நிக்கேல்ல, அதனால கொழும்புக்கு அனுப்பி எக்ஸ்ரே வீடியோ எடுத்தாங்க. இரவு ரெயினில போனம். எக்ஸ்ரேயில தெரியிற பேரியம் எண்ட மருந்து கலந்த பாலைப் பிள்ளை குடிக்கேக்க அது எந்த வழியால போகுது எண்டு திரையில பாக்கிறது. முடிஞ்ச பிறகு டொக்டர் எங்களுக்குப் போட்டுக் காட்டினார், பின்னால இருக்கிற உணவுக்குழாயால போக வேண்டிய பாலில ஒரு மெல்லிய கோடு முன்னால மூச்சுக்குழாய்க்குள்ள இறங்குது, பிள்ளை இருமவே இல்ல. சும்மா குடிச்சுக்கொண்டு இருக்கு. இருமினாத்தான் பிழை எண்டு நினைக்காதீங்க, சத்தமில்லாமலும் நெஞ்சுக்குள்ள போகும் எண்டார். அந்தக் கோட்டை நான் என்ட கண்ணால பாக்காட்டி நம்பியிருக்க மாட்டன்.

அதுக்குப் பிறகுதான் தடிப்பாக்கின பால். தடிப்பாக்கிறது பாரமாக்கிறதுக்கு இல்ல, மெதுவாக்கிறதுக்கு. பால் மெதுவா வந்தா மூச்சுக்குழாய் மூடிக்கொள்ள நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனா கூடத் தடிச்சா பிள்ளை உறிஞ்சிக் களைச்சுப் போகும், தொண்டையில ஒட்டி நிக்கும், மலம் இறுகும், தண்ணிச்சத்துக் குறையும். அதனால இது மருந்து மாதிரி, அளவோட. என்ன சாமான், எத்தினை கரண்டி எண்டதை நான் இதில வேணுமெண்டே எழுதேல்ல, எங்கட பிள்ளைக்குச் சொன்னது இன்னொரு பிள்ளைக்குச் சரிவராது, வயசு, குறைமாசம், தாய்ப்பாலா பால்மாவா எல்லாம் பாத்துத்தான் சொல்லுவாங்க.

இன்னொண்டு. இப்ப ஒன்லைன்ல பாலைத் தடிப்பாக்கிற சாமான் திக்கனர் எண்டு பைக்கற்றில விக்குது, வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் அன்பில அனுப்பியும் விடுவாங்க. சாந்தன் கம் எண்ட பிசின்ல செய்யிற ஒரு திக்கனரைக் குறைமாசப் பிள்ளைகளுக்குக் குடுக்க வேண்டாம் எண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இலயே எச்சரிச்சது, குடல் அழுகிற வருத்தம் பிள்ளைகளுக்கு வந்ததால. 2012இல எந்த வயசுக் கைக்குழந்தைக்கும் கவனம் எண்டு அதைக் கூட்டிச் சொன்னாங்க. அரிசியில ஆர்சனிக் எண்ட நஞ்சு இருக்கிறதால பால் தடிப்பாக்க அரிசிமாவை விட ஓட்ஸ் நல்லம் எண்டு அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின்ட சங்கமும் சொல்லியிருக்கு. இதெல்லாம் மகள் தேடி வாசிச்சுச் சொன்னது, மிஸ்ஸிட்டயும் கேட்டம், ஓம் எண்டா. அதனால ஆரும் அன்பில அனுப்பினாலும் கேக்காமக் குடுக்காதீங்க.

சரி, இப்ப என்ட முக்கியமான முறைப்பாட்டுக்கு வாறன். அந்த மிஸ் தங்கமானவ, ஆனா சிங்களம், தமிழ் கொஞ்சம்தான் தெரியும். மகளுக்குச் சிங்களம் அரைகுறை. அண்டைக்கு வாட்டில மொழிபெயர்க்கிற ஆள் லீவு. கரண்டி எண்டது விளங்கினது, தேக்கரண்டியா மேசைக்கரண்டியா எண்டது விளங்கேல்ல. வீட்ட வந்து மேசைக்கரண்டியால போட்டு போத்தலைக் கவிழ்த்தா ஒரு சொட்டும் விழாது. பிள்ளை பசியில கத்துது, நாங்க போத்தலைக் குலுக்குறம், நேரம் ராத்திரி பதினொண்டு, ஆரைக் கேக்கிறது? அண்டைக்கு ராத்திரி தடிப்பாக்காத பாலைக் கரண்டியால நுனி நுனியா ஊட்டி விடிய வைச்சம். அதுவும் செய்யக்கூடாத வேலைதான், வேற வழி தெரியேல்ல.

அடுத்த முறை போனப்ப மிஸ் ஒரு 10 மில்லி சிரிஞ்சை எடுத்துக் காட்டினா. இதை எல்லாரும் தெரிஞ்சிருக்க வேணும் எண்டுதான் எழுதுறன். சிரிஞ்சின்ட தண்டைக் கழட்டி, நுனியை விரலால அடைச்சு, கலக்கின பாலை 10 எண்ட கோடு மட்டும் விட்டு, விரலை எடுத்து பத்து செக்கன் பாத்து, திரும்ப அடைக்கிறது. மிச்சம் எவ்வளவு நிக்குது எண்டு பாக்க வேணும். ஒண்டும் மிஞ்சாட்டி, இல்லாட்டி 1 மில்லிக்குள்ள நிண்டா அது தண்ணி மாதிரி, 1இல இருந்து 4 மில்லி வரை நிண்டா லெவல் ஒண்டு, 4இல இருந்து 8 வரை எண்டா லெவல் ரெண்டு. ஐடிடிஎஸ்ஐ எண்டு தடிப்புக்கு உலகம் முழுக்க ஒரே அளவு வைச்சிருக்காங்களாம், சைபர்ல இருந்து ஏழு வரை. எங்கட பிள்ளைக்கு லெவல் ஒண்டு. எந்தச் சிரிஞ்சும் சரிவராது, சைபர்ல இருந்து பத்து மட்டும் அந்தக் கோடுகள் 61.5 மில்லிமீற்றர் நீளம் இருக்க வேணுமாம், மகள் பாமசிக்கு அடிமட்டம் கொண்டு போய் அளந்து வாங்கினவ. இப்ப ஒவ்வொரு போத்தலுக்கும் முன்னால என்ட வேலை அந்தப் பத்து செக்கன் எண்ணுறது. சிரிஞ்சுக்கு மொழி தேவையில்ல ஐயா, கோடு பாக்கத் தெரிஞ்சா காணும், ஆனா அதை எப்பிடிப் பிடிக்கிறது, கரண்டியை எப்பிடித் தலைதட்டிப் போடுறது எண்டு படத்தோட தமிழ்ல ஒரு தாள் இருந்தா அந்த ராத்திரி எங்களுக்கு வந்திருக்காது.

நான் சின்ன வயசில பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லோஞ்சில ரவுணுக்குப் போனவள். 2009இல கிண்ணியாப் பாலமும் பிறகு மூதூர் ரோட்டில மற்றப் பாலங்களும் திறந்ததால இப்ப பஸ்ஸில நேரா ஆஸ்பத்திரிக்குப் போகேலும், அது பெரிய விஷயம். ஆனா ஈச்சிலம்பற்றில இருந்தும் வெருகல்ல இருந்தும் புல்மோட்டையில இருந்தும் ஒரு நாள் கூலியை விட்டிட்டு வாற தாய்க்கு, வந்து கேட்டது விளங்காமத் திரும்பிப் போனா, அந்த ரோட்டாலயும் பாலத்தாலயும் என்ன பிரயோசனம்?

அதனால மாகாண சுகாதாரப் பகுதி பெரியவங்களிட்ட உங்கட பேப்பர் மூலமா கேக்கிறன். ஸ்பீச் தெரபி அறையின்ட போட்டில பேச்சும் விழுங்கலும் எண்டு தமிழ்ல எழுதுங்க, ஒரு பெயின்ரர் அரை நாள்ல முடிக்கிற வேலை. தமிழ்ல ஒரு தாள் அடிச்சு வைங்க. களனிப் பல்கலைக்கழகம் றாகமையில இந்தப் படிப்பை நடத்துது, எங்கட மாவட்டத்துத் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளில உயிரியல் படிக்கிறவங்களுக்கு இப்பிடி ஒரு படிப்பு இருக்கு எண்டு பள்ளிக்கூடத்திலயே சொல்லுங்க. கிளினிக்கில நிறுக்கிற மிஸ்மார், நிறை குறைஞ்ச பிள்ளையின்ட தாயிட்ட பால் காணுமா எண்டு கேக்கிறதோட, குடிக்கேக்க இருமுதா, முக்கா மணித்தியாலம் எடுக்குதா, குடிச்ச பிறகு குரல் கரகரக்குதா எண்டும் கேளுங்க. எங்களிட்ட ஆரும் கேட்டிருந்தா நான் அரிசிமா டின்னைத் திறந்திருக்க மாட்டன்.

பேத்திக்கு இப்ப ஒம்பது மாசம். ரெண்டு மாசமா ஆஸ்பத்திரியில படுக்கேல்ல. அடுத்த மாசம் திரும்பப் பாத்து, தடிப்பைக் கொஞ்சம் குறைக்கலாமா எண்டு முடிவெடுப்பாங்களாம். சிரிஞ்சு பிடிக்கிற விதத்தை மகள் போனில வீடியோ எடுத்து வைச்சிருக்கிறா, இதே கஷ்டத்தில இருக்கிற தாய்மார் ஆரும் எங்கட ஊர்ப் பக்கம் இருந்தா, கிளினிக் நாளில வந்து மூதூரில பிங்க் கொப்பியோட நிக்கிற கிழவியைக் கேளுங்க, நான் காட்டித் தாறன்.

இப்படிக்கு,
ஒரு அம்மம்மா,
மூதூர், திருகோணமலை.