வெள்ளையணுவை எண்ணிப் பார்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் எதிர்ப்பு சக்தி பற்றி எழுதியிருந்தீர்கள். இஞ்சி, மஞ்சள், நெல்லிக்காய் எல்லாம் இருந்தது, வெள்ளையணு எத்தனை ஆயிரம் இருக்க வேண்டும் என்பதும் இருந்தது, சரி. அந்த அணு எப்படி நகர்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேராத அணு எத்தனை இருந்து என்ன?

1950களில் அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரோஜர்ஸ் எடுத்த சின்னப் படம் ஒன்று இணையத்தில் கிடைக்கிறது. நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளையணு ஒன்று சிவப்பணுக்களை இடித்துக்கொண்டு பாக்டீரியாவை விரட்டும், அது திரும்பினால் இதுவும் திரும்பும், கடைசியில் விழுங்கிவிடும். (வகுப்பில் இதைப் போட்டால் மணி அடித்தது பையன்களுக்குக் கேட்காது.) காலும் இல்லை, வாலும் இல்லை; ஆக்டின் என்ற புரத இழைகள் முன்பக்கம் மளமளவென்று வளர்ந்து சவ்வை உந்த, பின்பக்கம் மயோசின் என்ற மோட்டார் புரதம் சுருக்கி இழுக்க, அணு ஊர்ந்து போகிறது. நம் தசையைச் சுருக்குவதும் இந்த மயோசின் குடும்பம்தான். ஆக்டினை வளரத் தூண்டும் புரதம் பழுதாகப் பிறக்கும் பையன்களுக்கு விஸ்காட்-ஆல்ட்ரிச் நோய் வருகிறது. அடிக்கடி காதில் சீழ், நிமோனியா, ரத்தக் கசிவு.

வெள்ளையணுவில் இன்னொரு வகையான கொல்லும் டி அணுவுக்கு வேறு ஏற்பாடு. வைரஸ் புகுந்த அணுவோடு ஒட்டியதும், டி அணுவுக்குள் தண்டவாளம் போல ஓடும் நுண்குழல்கள் கிளம்பும் மையமே அந்தப் பக்கமாக நகர்ந்துவிடும், டைனீன் என்ற மோட்டார் அந்தக் குழல்கள் வழியே நச்சுப் பைகளை இழுத்துவந்து சேர்க்கும். குறி தப்பினால் பக்கத்தில் இருக்கும் நல்ல அணுவும் சாகும்.

இதையெல்லாம் எனக்குப் புரியவைத்தது என் கால் கட்டைவிரல்தான். கவுட் (மூட்டில் யூரிக் அமிலம் படிகமாகச் சேரும் நோய்) வந்து வீங்கிச் சிவந்து, போர்வை பட்டால்கூட உயிர் போனது. டாக்டர் எழுதிக்கொடுத்தது கோல்சிசின் மாத்திரை. யூரிக் அமிலப் படிகங்களைத் தின்னத்தான் நியூட்ரோஃபில்கள் மூட்டுக்குள் கூட்டமாக வந்து ரகளை செய்கின்றன, இந்த மருந்து நுண்குழல்களைக் கட்டவிடாமல் செய்வதால் அந்தக் கூட்டம் குறைகிறது. இந்த கோல்சிசின் எங்கள் மூலனூர்ப் பக்கத்துக் காட்டில் கம்பியில் படரவிட்டு வளர்க்கிறோமே, அந்தக் கண்வலிக் கிழங்கின் விதையில் இருப்பது! அதன் பூவான செங்காந்தளை மாநிலப் பூ என்று எத்தனையோ முறை படம் போட்டிருக்கிறீர்கள், இதையும் ஒரு தடவை எழுதுங்கள். அப்படியே, கிழங்கு கொடிய விஷம், கைவைத்தியத்துக்கு யாரும் தொட வேண்டாம் என்று பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.

— ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், மூலனூர்