கேட்கிறவர்களையும் யாராவது கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆன்மிக மாநாடுகளைப் பற்றி உங்கள் வாசகர்கள் அவ்வப்போது எழுதுவதைப் படிக்கிறேன். புகார் பெரும்பாலும் ஒன்றுதான். கூடுகிறார்கள், பாடுகிறார்கள், அழுகிறார்கள், திங்கட்கிழமை விடிந்தால் எல்லாம் பழையபடிதான் என்கிறார்கள். இதில் பாதி உண்மை, அதனால் சண்டைக்கு வரவில்லை. ஆனால் கிறிஸ்தவ ஆலோசகர்களுக்காக நடந்த ஒரு மாநாட்டுக்குப் போய்வந்த பிறகு மீதிப் பாதியையும் யாராவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் சபையில் ஆலோசனை ஊழியத்தில் இருக்கிறவள். சம்பள வேலை இல்லை. ஒரு சான்றிதழ்ப் பயிற்சி, அப்புறம் வருகிறவர்களே கற்றுக்கொடுத்த பாடம், அவ்வளவுதான் என் படிப்பு. வேலை என்னவென்றால் கேட்பது. கணவன் கைநீட்டுகிறான் என்பதை முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லும் பெண், மகனைத் தற்கொலையில் இழந்துவிட்டு 'அவன் மோட்சத்துக்குப் போயிருப்பானா' என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கும் தகப்பன், வீட்டில் தெரியாமல் கடன் வாங்கிக் கழுத்துவரை மூழ்கியிருக்கும் சபை மூப்பர் ஒருவர். இப்படிப் பலர். கேட்டதை வெளியே சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது, அதனால் எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். நாள் போகப் போக, ஜெபிக்க உட்கார்ந்தால் சொந்த வார்த்தை ஒன்றும் வருவதில்லை, அடுத்தவர்களுடைய ஜெபக்குறிப்புகள்தான் வரிசையாக வந்து நிற்கும். வேதத்தைத் திறந்தால் 'இந்த வசனத்தை யாருக்குக் கொடுக்கலாம்' என்றுதான் கண் தேடும், எனக்கு என்று ஒன்றும் மிஞ்சாது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஆராதனையில் கை உயர்ந்துதான் இருக்கும், வாய் பாடிக்கொண்டுதான் இருக்கும்.

அந்த நிலைமையில்தான் போனேன். ஆவிக்குரிய புத்துயிர் தேடி அல்ல, பயிற்சிக் குறிப்புகள் நாலு கிடைக்கும் என்று.

மாநாடு என்றால் இருக்கிற எல்லாம் அங்கேயும் இருந்தது. நேரம் முடிந்தும் மைக்கை விடாத பேச்சாளர், மேடைக்கு முன்னால் போட்டோவுக்காக ஒரு வரிசை, தேநீர் இடைவேளையில் பழைய சர்ச்சை. ஆலோசனைக்கு வேதாகமமே போதும், உளவியல் எதற்கு என்று ஜே ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் போதகர் 1970-இல் கிளப்பிய விவாதம் இன்னும் ஓயவில்லை, ஒரு மூலையில் அந்தக் கட்சி, இன்னொரு மூலையில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிற கட்சி. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் பெண்களே அதிகம், மேடையில் பேசினவர்களில் ஆண்களே அதிகம். சபைகளில் அழுகிறவர்கள் பக்கத்தில் போய் உட்காருகிறவர்கள் யார் என்று தெரிந்தவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

என்னை அசைத்தது பெரிய கூட்டங்கள் அல்ல. மூன்று மூன்று பேராகப் பிரித்து உட்காரவைத்த ஒரு பயிற்சி. ஒருவர் பேச வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும், மூன்றாமவர் கவனிக்க வேண்டும். கேட்கிறவருக்குச் சில தடைகள் இருந்தன. வசனம் சொல்லக் கூடாது, ஜெபிக்கலாமா என்று கேட்கக் கூடாது, 'எனக்கும் இப்படித்தான்' என்று ஆரம்பிக்கக் கூடாது, அறிவுரை கூடவே கூடாது. எனக்குக் கேட்பவராக வாய்த்தவர் வயதான போதகர் ஒருவர். நான் ஏதோ பேருக்கு ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். பேச்சு எங்கெங்கோ போய், ராத்திரியில் போன் அடித்தாலே என் வயிறு இறுகிப்போகிறது என்கிற இடத்தில் வந்து நின்றது. அந்த மனிதருடைய வலது கை மடியிலிருந்த வேதப்புத்தகத்தின் அட்டைக்குப் போகும், அப்புறம் நினைவு வந்து திரும்பி முழங்காலில் உட்காரும். மறுபடி போகும், மறுபடி திரும்பும். பல வருஷப் பழக்கம், பாவம். ஆனால் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. கடைசியில் 'எவ்வளவு நாளாக?' என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் சொல்லும்போதுதான், இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை என்பது எனக்கே உறைத்தது.

வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்த யோபுவைத் தேற்ற வந்த சிநேகிதர்களை நாம் எல்லாரும் திட்டுகிறோம், 'அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்' என்று அவரே பெயரும் வைத்துவிட்டார். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, ஒரு வார்த்தை பேசாமல், அதை ஏனோ மறந்துவிடுகிறோம். அவர்கள் செய்ததிலேயே சரியாகச் செய்தது அதுதான். கெடுத்தது விளக்கம் சொல்ல ஆரம்பித்தபோது.

மறுநாள் வேதாகமத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியைப் பற்றி ஒரு பாடம். 1 இராஜாக்கள் 19, எத்தனையோ முறை கேட்ட பகுதி, பிரசங்கமும் கேட்டிருக்கிறேன், ஆனால் வழக்கமாக 'அமர்ந்த மெல்லிய சத்தம்' என்ற இடத்துக்குத்தான் எல்லாரும் ஓடுவார்கள். இவர் ஓடவில்லை, சூரைச்செடியின் கீழேயே எங்களை நிறுத்திவைத்தார். 'போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்' என்கிறான் தீர்க்கதரிசி. சாகட்டும் என்று படுத்துவிட்டான். பதிலாக வந்தது என்ன? தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் காட்டிச் சாப்பிடச் சொல்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறான், அதற்கும் திட்டு இல்லை. இரண்டாம் முறை எழுப்பும்போது 'நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்' என்று ஒரு காரணம் சொல்லப்படுகிறது, அவ்வளவுதான். பிறகு மலையில் 'எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்' என்று இரண்டு தடவை கேள்வி, எலியாவும் கிட்டத்தட்ட அட்சரம் பிசகாமல் அதே பதிலை இரண்டு தடவையும் சொல்கிறான், நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்று. அந்த அதிகாரம் முழுக்கத் தேடினாலும் 'உனக்கு விசுவாசம் குறைந்துவிட்டது' என்று ஒருவரும் அவனைப் பார்த்துச் சொல்வதில்லை. கிடைப்பது தூக்கம், சாப்பாடு, கேள்வி, அப்புறம் கூட வேலைசெய்ய எலிசா என்று ஒரு ஆள். நீ ஒருவன் அல்ல, ஏழாயிரம் பேர் மீதி இருக்கிறார்கள் என்ற செய்தியும்.

இதைச் சொல்லிவிட்டுப் பேச்சாளர் அப்படியே வேறு பக்கம் திரும்பினார். பர்ன்அவுட் என்று இன்று எல்லாரும் சொல்கிற சோர்வைப் பற்றி 1974-இல் எழுதிய ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனவியலாளர் அதைக் கண்டது பெரிய கம்பெனி முதலாளிகளிடம் அல்ல, நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் தொண்டுசெய்தவர்களிடம். அவரே அங்கே தொண்டுசெய்து களைத்துப்போனவர்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்குச் சொன்ன அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி ஒருவித கசப்பு வருவது, என்ன செய்தாலும் பயனில்லை என்ற உணர்வு. இது நோய் அல்ல, வேலையோடு சம்பந்தப்பட்ட நிலை என்றும் அது சொல்கிறது. அந்த இரண்டாவதைக் கேட்டபோது அரங்கில் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. ஜெபம் கேட்டு வருகிறவரின் பெயர் போனில் தெரிந்ததும் ஒரு எரிச்சல் வருமே, அதைத்தான் சொல்கிறார் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

வரலாற்றிலிருந்தும் இரண்டு மனிதர்களைச் சொன்னார்கள். ஆண்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர் 1920-இல் மனநோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். குணமாகி வந்து, மனநல மருத்துவமனையிலேயே சாப்ளினாக, அதாவது நோயாளிகளைக் கவனிக்கும் போதகராக, வேலைக்குச் சேர்ந்து, 1925-இல் இறையியல் மாணவர்களை அங்கே கூட்டிவந்து நோயாளிகளோடு பழகவைத்துப் பயிற்சி கொடுத்தார். புத்தகத்தைப் படிப்பதுபோலவே மனிதர்களையும் கவனமாகப் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. துன்பத்தில் இருக்கிறவர்களைத் தேற்றிப் பராமரிக்கப் போதகர்களுக்கு உலகம் முழுவதும் இன்று நடக்கும் மேய்ப்புப் பராமரிப்புப் பயிற்சிகளுக்கு வேர் அங்கேதான். இன்னொருவர் ஆங்கிலக் கிறிஸ்தவப் பாடலாசிரியர் வில்லியம் கூப்பர். 1773-இல் அவருடைய மனம் உடைந்தபோது நண்பர் ஜான் நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஓராண்டுக்கும் மேலாக வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பர் முழுக்கக் குணமாகவில்லை, 1800-இல் இறக்கும்வரை அந்த இருட்டு வந்து வந்து போனது. சாட்சி சொல்லும் நேரத்தில் இந்த மாதிரிக் கதைக்கு நம் சபைகளில் இடம் கிடைக்காது. 'ஜெபித்தோம், விடுதலையானார்' என்று முடிந்தால்தான் மைக் கிடைக்கும்.

ஒரு மனநல மருத்துவரும் பேசினார், சுருக்கமாக. மருந்து சாப்பிடுகிறவரிடம் 'விசுவாசத்தில் நிறுத்திவிடுங்கள்' என்று எந்த ஊழியக்காரரும் சொல்லக் கூடாது, மனச்சோர்வு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் வரலாம், பழைய நோயும் திரும்பலாம், குறைப்பதாக இருந்தால் மருத்துவர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றார். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்றும் சொன்னார். இதை ஒவ்வொரு சபையின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம்.

இதெல்லாம் தகவல், இதில் ஆவிக்குரிய புத்துயிர் எங்கே என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கடைசி நாள் காலை தியானத்தில் வேதாகமத்தின் ஜெபப் பாடல்களில் ஒன்றான 88-ஆம் சங்கீதத்தை ஒரு பெண் வாசித்தார். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான், ஆனாலும் பெரும்பாலானவை முடிவுக்குள் ஒரு துதியையாவது பிடித்துவிடும். இது பிடிக்காது. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு நின்றுவிடும். வாசித்துவிட்டு அவர் விளக்கம் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார், பாட்டும் இல்லை. யாரோ வழக்கப்படி 'ஸ்தோத்திரம்' என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். எனக்கு உள்ளே முதலில் வந்தது துதி இல்லை, முறைப்பாடு. இத்தனை பேரை என்னிடம் அனுப்பினீரே, என்னை யாரிடம் அனுப்பினீர் என்று. ரொம்ப காலத்துக்குப் பிறகு வேறு யாருடைய ஜெபக்குறிப்பும் இல்லாமல் நான் பண்ணின ஜெபம் அது. அந்த மாதிரிக் கோபத்தைக்கூடக் கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பினால்தானே அவரிடம் கோபப்பட முடியும், அதனால் அதை நான் புத்துயிர் என்றுதான் எண்ணுகிறேன். கண்ணீர் வந்ததா என்றால் வந்தது, ஆனால் அதை வைத்து அளக்கவில்லை.

சரி, திரும்பி வந்து என்ன நடந்தது? வாசகர்களின் அந்தத் திங்கட்கிழமைக் கேள்வி நியாயமானது. ஊழியம் லேசாகிவிடவில்லை. கணவனிடம் அடிபடும் அந்தப் பெண் இன்னும் வருகிறார், அந்தத் தகப்பனின் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. ஆனால் ஆலோசனை ஊழியத்தில் இருக்கிற நாங்கள் சிலர், சபைக்கு வெளியே இருக்கிற அனுபவமுள்ள ஒரு ஆலோசகரை மேற்பார்வையாளராக வைத்து மாதந்தோறும் உட்காருகிறோம். வந்தவர்களின் பெயர், அடையாளம் எதுவும் சொல்லாமல், எங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பேசுகிறோம். ராத்திரி அழைப்புகளை முறைவைத்துப் பிரித்துக்கொண்டோம். எங்கள் கைக்கு மிஞ்சியவர்களை மருத்துவரிடம் அனுப்புவதைத் தோல்வியாக நினைப்பதில்லை.

இதற்குச் சபையில் எல்லாரும் கைதட்டவில்லை. கர்த்தருடைய ஊழியத்தில் முறைவைப்பது என்ன, சோர்வு என்பதே விசுவாசக் குறைச்சல்தானே என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். மோசேயின் மாமனார் எத்திரோ, யாத்திராகமம் 18-இல், காலைமுதல் மாலைவரை தனியாக உட்கார்ந்து வழக்கு கேட்டுக்கொண்டிருந்த மருமகனைப் பார்த்து 'நீர் செய்கிற காரியம் நல்லதல்ல' என்றார், நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். மோசே கோபித்துக்கொள்ளவில்லை, ஆட்களைப் பிரித்து வைத்தார். மோசேக்கு வேண்டியிருந்தது எங்களுக்கு வேண்டாமா என்று கேட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

மாநாடு நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை பேச்சாளர்களைப் பாதியாகக் குறையுங்கள். அந்த மூன்று பேர் பயிற்சியை இரண்டு மடங்கு ஆக்குங்கள். சான்றிதழை தபாலில் அனுப்பினால் போதும், அதற்கென்று ஒரு மத்தியானத்தையே வரிசையில் நிறுத்தி வீணாக்க வேண்டாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தற்கொலைச் செய்தி போடும்போது கீழே உதவி எண் அச்சிடுகிறீர்கள், நல்ல காரியம். அந்த எண்ணின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றி, எந்த மதத்தைச் சேர்ந்தவர்களானாலும் சரி, தாதிமார், ஆசிரியர்கள், போதகர்கள், தொண்டர்கள் என்று நாள் முழுக்க அடுத்தவர் துக்கத்தைக் கேட்கிறவர்களைப் பற்றி உங்கள் வார இணைப்பில் ஒரு தொடர் போடுங்கள். அவர்கள் எப்போது தூங்குகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவர் எங்கள் மாதக் கூட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால் மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டு நானே ஏற்பாடு செய்கிறேன். குறிப்பெடுக்கலாம், போட்டோ மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
சபை ஆலோசனை ஊழியத்தில் இருக்கும் ஒரு வாசகி