எங்கள் பிள்ளைகளின் இரத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள்: சுகாதாரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

செப்டிக் ஷொக்கோடு, அதாவது தொற்று முற்றி இரத்த ஓட்டமே தளர்ந்துபோகும் நிலையில், வரும் வன்னிப் பிள்ளைகளின் முதல் நாள் இரத்தத்தை ஆராய்ச்சிக்காக எடுத்துக் காக்க வேண்டும் என்று நாங்கள் அனுப்பிய கோரிக்கைக்கு உங்கள் பதில் போன கிழமை கிடைத்தது. "இப்போதைக்கு இது முன்னுரிமை அல்ல." அவ்வளவுதான். கோரிக்கையில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும், திரும்ப முழுவதையும் எழுதப் போவதில்லை. ஆனால் அந்த ஒரு வரியைப் பேசாமல் கோப்பில் போட்டுவிட்டு இருக்க என்னால் முடியவில்லை.

நான் இங்கே ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். மழைக்காலத்தில் ஒரே இரவில் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள், கிட்டத்தட்ட ஒரே வயது, இரண்டு பேருக்கும் காய்ச்சல் முற்றி, கை கால் சில்லிட்டு, நாடி பிடிபடாத நிலை. அதே அன்டிபயோட்டிக், அதே சேலைன், பிறகு அதே ஸ்டெரொயிட். ஒரு பிள்ளை நடந்து வீட்டுக்குப் போனது. மற்றதை அம்புலன்ஸில் ஏ9 வீதியால் யாழ்ப்பாணத்துக்கு ஏற்றினார்கள், விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெளியூருக்கு அனுப்பிய இரத்தக் கல்ச்சரின் (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) முடிவு வந்தபோது பிள்ளையை அடக்கம் செய்து சில நாளாகியிருந்தது. 'கிருமி எதுவும் வளரவில்லை' என்று முத்திரை குத்திய தாள். அந்தத் தாய் அதை மடிக்காமல் கையில் பிடித்தபடி கேட்டார்: "கிருமி இல்லையெண்டால் என்ர பிள்ளை என்னத்தால செத்தது தம்பி? பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் உதே மருந்துதானே குடுத்தவை?"

அந்தக் கேள்விக்குத்தான் உலகத்தில் ஆராய்ச்சி நடக்கிறது. அமெரிக்காவில் சின்சினாட்டி சிறுவர் மருத்துவமனையில் இருந்த ஹெக்டர் வொங்கும் அவரோடு வேலை செய்தவர்களும் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், செப்டிக் ஷொக் வந்த 98 பிள்ளைகளின் இரத்தத்தில், அனுமதித்த முதல் 24 மணித்தியாலத்துக்குள், எந்த மரபணு கூடுதலாக வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று பார்த்தார்கள். வெளியே ஒரே நோயாகத் தெரிந்தது உள்ளே மூன்று வகையாகப் பிரிந்தது. அதில் ஒரு வகைப் பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தியோடும், ஸ்டெரொயிட்டுக்கு உடல் பதில் சொல்லும் பாதையோடும் தொடர்புள்ள மரபணுக்கள் அடங்கிப் போயிருந்தன. கூடுதலாக இறந்ததும் அவர்கள்தான். பிறகு 100 மரபணுக்களை மட்டும் வைத்தே பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரிக்கலாம் என்று காட்டினார்கள். 2015 இல் வந்த ஆய்வில் அந்த மரபணுக்கள் அடங்கிப்போன ஆபத்தான பிரிவில் ஸ்டெரொயிட் கொடுத்த பிள்ளைகளிடம் இறப்பு கூடுதலாக இருந்தது. சரி, அது நடந்ததைப் பதிந்து பார்த்த தரவு, மருந்து கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்ட சோதனை இல்லை. அதை வைத்து நாளைக்கே வோர்ட்டில் மருந்தை நிறுத்தச் சொல்லும் மடையன் அல்ல நான். ஆனால் அந்தத் தரவில் எங்கள் பிள்ளைகள் இல்லை. எலிக்காய்ச்சலும் டெங்குவும் உண்ணிக்காய்ச்சலும் உள்ள மண்ணில், சாப்பாடு குறைந்து வளர்ந்த ஒரு பிள்ளையின் இரத்தம் அந்த 100 மரபணுக்களில் எப்படி இருக்கும் என்று ஆர் பார்த்தது?

பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஆபிரிக்காவே சாட்சி. உகண்டா, கென்யா, தான்சானியாவில் ஷொக் அறிகுறியோடு வந்த 3,141 பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2011 இல் வந்தது. பணக்கார நாடுகளில் வழக்கமாகச் செய்வதுபோல வேகமாகத் திரவம் ஏற்றிய பிள்ளைகளில் 48 மணித்தியாலத்துக்குள் ஏறத்தாழ 10.5 சதவீதம் பேர் இறந்தார்கள், ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம் பேர். நல்லது என்று நம்பிச் செய்தது கெடுதலாக முடிந்தது, அந்த மண்ணிலேயே சோதித்ததால்தான் தெரிய வந்தது.

அதனால்தான் கேட்கிறோம்: எங்கள் பிள்ளைகளின் முதல் நாள் இரத்தத்தை எடுத்துக் காக்கும் ஏற்பாட்டை வன்னியிலேயே தொடங்குங்கள். ஜீன் பார்க்கும் மெஷினை இங்கே கொண்டுவந்து இறக்கச் சொல்லவில்லை. ஆர்என்ஏ (எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் மூலக்கூறு) சிதையாமல் காக்கும் மருந்துள்ள குழாய், பிள்ளை ஒன்றிடம் ஏறத்தாழ 2.5 மில்லிலீட்டர் இரத்தம், அதுவும் தாய் தகப்பன் சம்மதத்தோடும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும். சாதாரண குளிர்சாதனப் பெட்டியில் அந்தக் குழாய் 5 நாள் தாங்கும். அதற்குப் பிறகு வைக்க ஓர் ஆழ்குளிர் பெட்டியும், கரண்ட் போனால் கைகொடுக்க ஒரு ஜெனரேட்டரும் வேண்டும். மிச்ச வேலையைப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து செய்யலாம்.

"முதலில் அடிப்படை வசதி, பிறகு ஆராய்ச்சி" என்று கூட்டங்களில் சொல்கிறீர்கள். அந்த அடிப்படை வசதி எங்கே? ஷொக்கில் வரும் பிள்ளைக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் அன்டிபயோட்டிக் போக வேண்டும் என்பது 2020 இல் வந்த சர்வதேச வழிகாட்டல். பஸ் இல்லாத ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுவரும் பிள்ளைக்கு அந்த மணித்தியாலம் வரும் வழியிலேயே போய்விடுகிறது. கட்டடம் திறக்க வருகிறீர்கள், அதற்குள் வேலை செய்ய ஆள் போட மறந்துபோகிறீர்கள். அடிப்படையும் தராமல் ஆராய்ச்சியையும் மறுத்தால் நாங்கள் எந்த வாசலில் போய் நிற்பது?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது மாறவில்லை. முதல் நாள் இரத்தத்தை இங்கேயே காக்க வழி செய்யுங்கள், தயவுசெய்து. அடுத்த மழைக்கு முன் ஒரு கூட்டம் கூட்டி, பிள்ளை வைத்தியர்களையும் ஆய்வுகூடக்காரரையும் பெற்றோரையும் அழையுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்று காரணத்தை எழுத்தில், தமிழில் தாருங்கள்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஓர் ஆய்வுகூடப் பணியாளர்