ஒலி நூலகத்துக்கு உங்கள் கை தேவை

சபையார் அனைவருக்கும் தோத்திரம்.

போன மாதம் ஒரு சகோதரி, தன் தகப்பனாரின் அடக்க ஆராதனைப் பதிவைக் கேட்டு நூலகத்துக்கு வந்தார். ஆறு அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடினோம். பாதிக் கேசட்டுகளில் ‘ஞாயிறு காலை’ என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த ஞாயிறு, யார் பிரசங்கம், ஒன்றும் இல்லை. கடைசியில் கிடைத்த கேசட்டில், ஜெபத்தின் நடுவே ஒரு சினிமாப் பாட்டு ஓடியது. யாரோ தெரியாமல் மேலே பதிவு செய்திருக்கிறார்கள். கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகளை அன்றே உடைத்திருந்தால் இது நடந்திருக்காது. அந்தச் சகோதரி ஒன்றும் சொல்லாமல் போனார். எங்களுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அதனால் எல்லாக் கேசட்டுகளையும் சிடிக்களையும் பட்டியலிட்டு அடுக்க முடிவு செய்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பேசியவர், தேதி, வேத பகுதி, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். “யோபுவைப் பற்றி ஏதாவது பிரசங்கம் இருக்கிறதா?” என்று யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும். அதுதான் நோக்கம்.

புத்தகங்களோடு கலந்தே அடுக்கலாமே என்று குழுவில் ஒரு பேச்சு வந்தது. வேண்டாம் என்று விட்டோம். கேசட் பெட்டியின் முதுகு இரண்டு சென்டிமீட்டர்கூடக் கிடையாது. தடித்த விளக்கவுரைகளுக்குப் பின்னால் போனால் அப்புறம் கண்ணில் படாது. தனி அலமாரிதான் சரி. ஆழம் குறைவாக, தட்டுகள் நெருக்கமாக, கேசட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தும்படி இருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் காந்தம் இருப்பதால் அதன் பக்கத்திலும் வைக்கக் கூடாது. இப்போது வைத்திருப்பது அங்கேதான்!

பெரிய செலவு பிரதி எடுப்பதில். கேசட் நாடா காலப்போக்கில் கெடும். 90 நிமிடக் கேசட்டைக் கணினிக்கு மாற்ற அதே 90 நிமிடமும் ஓடவிட்டாக வேண்டும், குறுக்கு வழி இல்லை. நல்ல தரத்தில் எடுத்தால் ஒன்றுக்கே 3 ஜிபிக்கு மேல் பிடிக்கும். ஆகவே அலமாரி, நல்ல கேசட் டெக் (கேசட்டை ஓடவிடும் கருவி) ஒன்று, ஹார்ட் டிஸ்க் இரண்டு (ஒன்று ஆலயத்தில், ஒன்று வேறிடத்தில்), லேபிள்கள் ஆகியவற்றுக்குத்தான் கேட்கிறோம். சிடியின் மேல் எதுவும் ஒட்டப்போவதில்லை. லேபிள் பெட்டிக்கு மட்டும்.

காணிக்கையை உறையில் போட்டு, மேலே ‘ஒலி நூலகம்’ என்று எழுதி, நூலகக் குழுவில் யாரிடமாவது கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தொகை சிறிதாயிற்றே என்று யோசிக்க வேண்டாம். வரவு செலவு அறிவிப்புப் பலகையில் போடப்படும். பணம் முடியாதவர்கள் நேரம் தரலாம். முக்கியமாக மூத்தவர்கள் வேண்டும்; பெயரில்லாத பதிவில் பேசுவது யார் என்று குரலை வைத்தே சொல்ல உங்களால்தான் முடியும்.

வீட்டில் சபைப் பதிவுகள் இருந்தால் அப்படியே கொண்டு வாருங்கள். ஓடுகிறதா பார்ப்போம் என்று பழைய பிளேயரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். நாடா சிக்கிக்கொண்டால் போனது போனதுதான்.

இப்படிக்கு,
நூலகக் குழுவினர்